மூக்குக்குக் காற்று, உடம்புக்குப் பெல்ட்: நாயோடு கார் ஏறும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டதும் வாசலில் போய் நின்றுகொண்டு, வாலால் கதவை அடித்து, "போகலாமா, போகலாமா" என்று உடம்பு முழுக்கக் கேட்கிற ஒரு ஜீவன் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் இந்த மடல் உங்களுக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவிட்டு அதன் சந்தோஷத்தைப் பார்த்துப் பூரித்துப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். பயந்துபோய் "இனிமேல் வண்டியே வேண்டாம்" என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். நான் இந்த இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

எங்கள் நாய் மணிக்கு எடை 20 கிலோ. அவனுக்குப் பிடித்த இடம், முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து. பின்னங்கால்கள் பின் இருக்கையில், முன்னங்கால்கள் நடுவிலுள்ள பெட்டியின் மேல், முகம் என் தோளுக்குப் பக்கத்தில். மூன்று வருடம் அப்படித்தான் போனோம். ஒரு நாள் மாலை, வேகம் அதிகமில்லை, 40ஐ ஒட்டித்தான் இருக்கும், ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். கார் யார் மேலும் இடிக்கவில்லை. சைக்கிளில் வந்தவர் ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டார். மணி மட்டும் என்னைக் கடந்து முன்னால் போய் டாஷ்போர்டில் மோதி, இருக்கைக்கும் கியருக்கும் நடுவே விழுந்து கிடந்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தோள் மூட்டில் அடி. மூன்று வாரம் நொண்டினான். எலும்பு முறியாதது அவனுடைய அதிர்ஷ்டம், அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

கவனியுங்கள், அது விபத்தே இல்லை. ஒரு பிரேக், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவனைக் காரில் ஏற்றவே இல்லை. அது பொறுப்பான முடிவு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் சாவிச் சத்தம் கேட்டு ஓடி வருவான், நான் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். நான்காம் மாதம் வாக்கில் ஓடி வருவதை நிறுத்திவிட்டான். படுத்த இடத்திலிருந்தே தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பான், மறுபடி வைத்துக்கொள்வான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அவனைக் காப்பாற்றவில்லை, என் பயத்தை அவன் தலையில் கட்டியிருக்கிறேன். அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். அவனுக்குக் காரில் என்ன பிடிக்கிறது? அதில் எது ஆபத்து? இந்த இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

முதலில் பிடித்ததைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஜன்னலில் தலை நீட்டும் நாயைப் பார்த்ததும் "வேகம் பிடிக்கிறது", "வேடிக்கை பார்க்கிறது" என்கிறோம். நம் கண்ணை வைத்து அதன் உலகத்தை அளக்கிறோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே மங்கல். ஆனால் மூக்கு? மனிதனுக்கு வாசனையை உணரும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால், நாய்க்குச் சில இனங்களில் 30 கோடி வரை இருக்கின்றன. மோப்பம் பிடிக்கும்போது ஒரு நொடிக்கு ஐந்து முறை வரை உறிஞ்சும். வெளியே விடும் மூச்சு மூக்குத்துளையின் ஓரத்தில் உள்ள பிளவுகள் வழியாகப் பக்கவாட்டில் போய்விடும். அதனால் உள்ளே வருகிற புது வாசனை கலைவதில்லை. உங்கள் நாயின் மூக்கைக் கிட்டத்தில் பார்த்தால் காற்புள்ளி மாதிரி வளைந்த அந்தப் பிளவு தெரியும்.

இப்போது அந்த மூக்கை ஓடுகிற காரில் வைத்துப் பாருங்கள். நடந்து போனால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் வாசனைகள் இங்கே ஐந்து நிமிடத்தில் வந்து சேர்கின்றன. மழை பெய்த மண், இன்னொரு நாயின் எல்லைக்கோடு, யாரோ எரிக்கும் சருகு, எங்கேயோ தண்ணீர். நமக்கு ஜன்னல் ஓரம் எப்படியோ, அவனுக்கு மூக்கு நுனி அப்படி. அவன் அனுபவிப்பது வேகத்தை இல்லை, காற்று கொண்டுவரும் செய்தியை.

இது புரிந்ததும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது எனக்கு. வாசனை வேண்டும் என்றால் தலை வெளியே போக வேண்டியதில்லையே! காற்று உள்ளே வந்தால் போதும். சந்தோஷம் மூக்கில் இருக்கிறது, ஆபத்து கட்டப்படாத உடம்பில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துவிடலாம்.

உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். மணி அடிபடுவதற்கு முன் பள்ளிக்கூட இயற்பியலை நான் இவ்வளவு அக்கறையோடு போட்டுப் பார்த்ததில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத எதுவும் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் போய் இடிப்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். கிட்டத்தட்ட மூன்றாவது மாடி. மாடிக் கைப்பிடிச் சுவரில் நம் நாய் ஏறி நின்றால் நெஞ்சு பதறுகிறது. பின் இருக்கையில் நின்றால் பதறுவதில்லை. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: அந்த 20 கிலோ உடம்பை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த, சராசரியாக 400 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகோ பின்தலையோதான் அந்த விசையை வாங்கப்போகிறது. நாயைக் கட்டாமல் விடுவது நாய்க்கு மட்டுமான ஆபத்து இல்லை. முன் இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்குப் பிறகு நடப்பதையும் நாம் நினைப்பதே இல்லை. கதவு திறந்ததும் பயந்த நாய் சாலையில் இறங்கி ஓடும். அல்லது அடிபட்டுக் கிடக்கும் நம்மைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, உதவ வருகிறவர்களைப் பார்த்துச் சீறும். அந்த நேரத்தில் அதன் விசுவாசமே நமக்கும் அதற்கும் எதிராகிவிடுகிறது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பில் 57ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. வண்டியில் நாயோ வேறு விலங்கோ இருந்தால், ஓட்டுகிறவரின் கவனத்தைக் கலைக்காதபடியும், வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் அவருக்கோ தனக்கோ அடிபடாதபடியும் அதைத் தகுந்தபடி கட்டுப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. 'சட்டென்று நிறுத்தினால்' என்பதைத்தான் நான் அடிக்கோடு போட்டுப் படித்தேன். மோதல்கூட வேண்டாம், ஒரு பிரேக் போதும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கட்டுவது என்றால் எதை வைத்து? கழுத்துப் பட்டையில் கயிறு போட்டுக் கட்டவே கூடாது. பிரேக் போடும்போது முழு விசையும் குரல்வளையிலும் கழுத்தெலும்பிலும் போய் நிற்கும். மார்பைச் சுற்றி அகலமாக வரும் ஹார்னஸ் வேண்டும். அதைச் சீட் பெல்ட்டோடு இணைக்கும் வார் குட்டையாக இருக்க வேண்டும். உட்காரவும் படுக்கவும் திரும்பவும் இடம் கொடுத்தால் போதும், முன் இருக்கையை எட்டும் அளவு நீளம் வேண்டாம். நீளம் கூடினால் உடம்பு கூடுதலாகப் பறந்த பிறகுதான் நிற்கும்.

ஹார்னஸ் என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் மோதலுக்குத் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013ல், சுபாரு கார் நிறுவனத்தின் ஆதரவோடு, கடைகளில் விற்கும் நாய் ஹார்னஸ்களை வாங்கி, பொம்மை நாய்களுக்கு மாட்டி, மோதல் சோதனை செய்து பார்த்தது. வெவ்வேறு எடையில் செய்த பொம்மைகள். சில வார்கள் அறுந்தன, சில பொம்மைகள் இருக்கையை விட்டுப் பறந்தன. முழு நம்பிக்கையோடு தேறியது ஒன்றே ஒன்று. நடைக்குப் போகும்போது மாட்டும் ஹார்னஸ் நடைக்குத்தான். பிளாஸ்டிக் கொக்கி உள்ளதைக் காருக்குக் கொண்டுவராதீர்கள். வாங்கும்போது "மோதல் சோதனை செய்ததா, யார் செய்தார்கள், என் நாயின் எடைக்குச் செய்தார்களா" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறொன்றைத் தேடுங்கள்.

சின்ன நாய் என்றால் கூண்டு நல்லதுதான். ஆனால் இருக்கையின் மேல் சும்மா வைத்த கூண்டு, உள்ளே நாயோடு சேர்ந்து பறக்கும் ஒரு பெட்டி, அவ்வளவே. கூண்டையும் கட்ட வேண்டும்.

இனி ஜன்னலுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். தலையை முழுக்க வெளியே விடும்போது தூசி, மணல், பூச்சி எல்லாம் காரின் வேகத்திலேயே கண்ணில் வந்து அடிக்கின்றன. கருவிழியில் ஒரு கீறல் விழுந்தால் புண்ணாகிப் பார்வையே போகலாம். தொங்கும் காது உள்ள நாய்களுக்கு, காற்றில் படபடவென்று காது அடித்து அடித்து உள்ளே ரத்தம் கட்டி வீங்குவதும் உண்டு. எதிரே வரும் வண்டியின் கண்ணாடி, சாலையோரக் கிளை, இதெல்லாம் சொல்லவே வேண்டாம். இதைவிட என்னைக் கலங்க வைத்தது இன்னொன்று. கதவின் கைப்பிடியில் இருக்கும் ஜன்னல் பொத்தானின் மேல் நாயே கால் வைத்துவிடும். கழுத்து வெளியே இருக்கும், கண்ணாடி மேலே ஏறும். பழைய வகைப் பொத்தான்களில், அழுத்தினாலே கண்ணாடி மூடிவிடுகிற அமைப்பு உண்டு. மேல்நோக்கி இழுத்தால் மட்டும் மூடும் வகை இதற்காகத்தான் வந்தது, முதலில் குழந்தைகளை நினைத்து. உங்கள் வண்டியில் எது இருந்தாலும், ஓட்டுநர் கதவில் உள்ள ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஒரு விரல் வேலை.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். மணி உட்காரும் பக்கத்துப் பின் ஜன்னலை, மூக்கு எட்டும், தலை நுழையாது என்ற அளவுக்குத் திறக்கிறேன். எதிர்ப்பக்க முன் ஜன்னலையும் கொஞ்சம் இறக்குகிறேன். காற்று குறுக்காக ஓடுகிறது. பின் ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்தால் சில வேகங்களில் 'தும் தும்' என்று காதை அடைக்கிற ஒரு அதிர்வு வரும், கேட்டிருப்பீர்கள். நமக்கே எரிச்சலாக இருக்கும், அவன் காதுக்குக் கேட்க வேண்டுமா? இரண்டாவது ஜன்னல் திறந்தால் அது அடங்கிவிடும். மணி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருக்க வருகிறான். அவன் எதையோ இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் ஜன்னலை ஏற்றிவிடுகிறேன், ஏசியில் வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றிவிடுகிறேன். வாசனை அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டிலும் ஒரு தூசி கண்ணில் விழ வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. அந்த அளவு ஆபத்தை அவனுடைய சந்தோஷத்துக்காக ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாவது மாடி ஆபத்தை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற நண்பர்களே, உங்களிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன், வேண்டாம். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிறது. ஸ்டியரிங்குக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சின்ன உயிர் இருக்கும் என்று யாரும் அதைக் கணக்குப் போட்டு வைக்கவில்லை. முன் இருக்கையில் பக்கத்தில் வைப்பதும் இதே காரணத்தால்தான் தப்பு. கவனம் சிதறுவதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 70 வயதைத் தாண்டிய 2,000 ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வை 2013ல் வெளியிட்டார்கள். எப்போதும் செல்லப்பிராணியை ஏற்றிக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு விபத்து விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருப்போம். மணி என் தோளில் மூச்சுவிட்ட அந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை திரும்பியிருப்பேன்!

வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் "ஐந்தே நிமிடம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்களும் நாம்தான். 2005ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே 30 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 47ஐத் தாண்டும் கணக்கு. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தது பெரிய வித்தியாசம் எதையும் தரவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38லிருந்து 39 டிகிரியை ஒட்டி இருக்கும், 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். பக், புல்டாக் மாதிரி முகம் சப்பையான நாய்களுக்கு இன்னும் சீக்கிரம். இறங்கும் இடத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது என்றால் அந்தப் பயணத்துக்கு அவன் வேண்டாம். வீட்டில் விட்டுப் போக வேண்டிய நாள் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாள்தான். ஓடும் காரிலும் இதை மறக்காதீர்கள். மூச்சிரைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் வண்டி குளிர்ச்சியாக இருப்பது அவன் சந்தோஷத்திலேயே சேர்த்தி.

எல்லா நாய்க்கும் கார் பிடிக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்சில் ஒழுகுவது, அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முனகுவது, இதெல்லாம் குமட்டலின் அறிகுறி. உற்சாகம் என்று நினைத்துவிடுவோம். குட்டிகளுக்கு உள்காதில் சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திராததால் இது அதிகம், பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஏற்றாதீர்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது. நம் வீட்டு மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். இன்னொன்று: மருத்துவரைப் பார்க்க மட்டுமே காரில் ஏறும் நாய்க்குக் கார் என்றால் ஊசி என்றுதான் அர்த்தம். நடுநடுவே சும்மா ஒரு சுற்று, இறங்கினால் ஓடி விளையாட ஒரு இடம் என்று கூட்டிப் போங்கள்.

"என் நாய் ஹார்னஸ் போட்டால் கல்லாகிவிடுகிறது" என்று பலர் சொல்கிறார்கள். மணியும் அப்படித்தான். முதல் நாளே மாட்டி, பூட்டி, வண்டியைக் கிளப்பினால் எந்த நாயும் கல்லாகும். நான் முதல் வாரம் வீட்டுக்குள் மாட்டிவிட்டுத் தின்பதற்கு ஏதாவது கொடுத்தேன், கழற்றிவிட்டேன். இரண்டாம் வாரம் நின்றிருந்த காரில் ஏற்றி, பெல்ட்டை இணைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எஞ்சின் போடவில்லை. மூன்றாம் வாரம் தெருமுனை வரை. நான்காம் வாரம் மூக்குக்கு ஜன்னல் திறந்தேன். ஒரு மாதம் பொறுமை, அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தொளதொளப்பு வேண்டாம்.

மனிதர்களுக்கான மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனம் 1959ல் காரில் பொருத்தியது. அது நெஞ்சை அழுத்துகிறது, சுதந்திரத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களே வருடக்கணக்கில் முரண்டு பிடித்திருக்கிறார்கள். காரணம் புரிகிற நமக்கே அவ்வளவு நாள் ஆனது என்றால், காரணமே புரியாத ஒரு உயிருக்கு ஒரு மாதம் கொடுக்கலாம் இல்லையா?

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த தடவை அவனை ஏற்றுவதற்கு முன்னால் அவனுக்கும் ஒரு பெல்ட் இருக்கட்டும். பயந்து நிறுத்தியவர்கள் மறுபடி ஏற்றிக்கொண்டு போங்கள். நடுச்சந்தில் நிற்க விடுகிறவர்கள் இன்றோடு அதை நிறுத்துங்கள். நான் சொன்னதில் உங்கள் நாய்க்குப் பொருந்தாதது இருந்தால், அதைப் பார்க்கிற மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மணிக்கு இப்போது ஒன்பது வயது. சாவிச் சத்தம் கேட்டால் மறுபடியும் ஓடி வருகிறான். ஆனால் இப்போது வாசலுக்கு ஓடுவதில்லை. ஹார்னஸ் மாட்டியிருக்கும் ஆணிக்கு அடியில் போய் நின்றுகொண்டு, மேலேயும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

அன்புடன்,
மணியோடு வண்டியில் போகும் ஒருவர்